கட்டற்ற பணிமேடை வடிவமைப்பும் தனியுடைமை வரைகலை இயக்கிகளைச் சார்ந்திருத்தலும்

ஆய்வுச் சுருக்கம்

கட்டற்ற மென்பொருளாக உருவாக்கப்படும் பணிமேடைச் சூழல்கள் தம் உரிமத்தால் முழுமையும் கட்டற்றவையாக இருப்பினும், திரையில் முறையாக இயங்குவதற்குத் தனியுடைமை வரைகலை இயக்கிகளின் துணையை நாடும் நிலை பல கணினிகளில் ஏற்பட்டது. 2006ஆம் ஆண்டு முதல் இந்நிலை லினக்ஸ் பணிமேடை வட்டாரத்தில் தொடர்ந்து விவாதிக்கப்பட்டு வருகிறது. காம்பிஸ், குனோம் ஷெல், யூனிட்டி, வேலேண்ட் ஆகியவற்றின் வரலாற்றைக் கொண்டு, இச்சார்பு உரிமத்தின் வழியாக அன்றி வடிவமைப்பு முடிவுகளின் வழியாகவே நுழைகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கட்டற்ற இயக்கி உள்ள இடத்தில் வடிவமைப்பின் தேவை அவ்வியக்கியை வளர்க்கிறது. அது இல்லாத இடத்தில் அதே தேவை பயனரைத் தனியுடைமை இயக்கியை நோக்கித் தள்ளுகிறது என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: கட்டற்ற மென்பொருள், பணிமேடைச் சூழல், வரைகலை இயக்கி, குனோம், மேசா, நூவோ, வேலேண்ட், நிலைபொருள்.

முன்னுரை

கணினியைப் பயன்படுத்துவோரின் கண்ணுக்குப் புலப்படும் மென்பொருள் பணிமேடையே ஆகும். சாளரங்கள், பட்டியல்கள், குறும்படங்கள் ஆகியவற்றின் வழியாகவே பயனர் கணினியோடு உறவாடுகிறார். அப்பணிமேடைக்கும் வரைகலை அட்டைக்கும் இடையே நின்று, ஒன்றின் கட்டளையை மற்றொன்றின் மொழிக்கு மாற்றித் தரும் மென்பொருளே வரைகலை இயக்கி. அது செவ்வனே இயங்கும்வரை அதன் இருப்பே தெரிவதில்லை. அது கிடைக்காதபோதுதான் மேலே உள்ள அனைத்தும் அதை நம்பியிருந்தமை வெளிப்படுகிறது.

இங்குக் ‘கட்டற்ற’ என்னும் சொல் விலையின்மையைக் குறிப்பதன்று. இயக்குதல், ஆராய்ந்து மாற்றுதல், படியெடுத்துப் பகிர்தல், மாற்றிய வடிவத்தைப் பகிர்தல் என்னும் நான்கு உரிமைகளையும் பயனருக்கு வழங்கும் மென்பொருளே கட்டற்ற மென்பொருள் எனப்படும். வரைகலை அட்டையோடு விலையின்றிக் கிடைக்கும் இயக்கி, மூலநிரல் தரப்படாத நிலையில், இலவசமானதே தவிரக் கட்டற்றதாகாது. அதனைத் ‘தனியுடைமை இயக்கி’ என இக்கட்டுரை குறிக்கிறது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டால்தான், விலை கொடுக்க வேண்டாத ஒரு மென்பொருளை ஏற்பதா மறுப்பதா என்பது குறித்து நீண்ட விவாதம் எழுந்ததன் காரணம் விளங்கும்.

கீழடுக்குச் சிக்கலின் முன்வரலாறு

மேலடுக்கில் உள்ள மென்பொருளின் உரிமை கீழடுக்கில் உள்ள மென்பொருளால் குறைவுபடக்கூடும் என்னும் உணர்வு, கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் தோற்றத்தோடு பிணைந்தது. எம்.ஐ.டி. செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்திற்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் அச்சுப்பொறியை அளித்தது. முந்தைய அச்சுப்பொறியில் தாள் சிக்கிக்கொண்டால் பயனர்களுக்குத் தெரிவிக்கும் வசதியை ரிச்சர்டு ஸ்டால்மன் தாமே எழுதிச் சேர்த்திருந்தார். புதிய அச்சுப்பொறியை இயக்கும் மென்பொருளின் மூலநிரல் கிடைக்காமையால் அவ்வசதியை அதில் சேர்க்க இயலவில்லை. 1983இல் குனு திட்டத்தை அறிவித்த ஸ்டால்மன், தம் எண்ணத்தை உருவாக்கிய நிகழ்வுகளுள் ஒன்றாக இதனைப் பலமுறை எடுத்துரைத்துள்ளார். ஒரு வன்பொருளை இயக்கும் மென்பொருளைப் பற்றிய சிக்கலே இயக்கத்தின் தொடக்கத்திலும் இருந்தது என்பது கருதத்தக்கது.

பணிமேடைத் துறையில் இச்சிக்கல் முதலில் நூலகம் ஒன்றின் வடிவில் எழுந்தது. 1996இல் மத்தியாஸ் எட்ரிச் கேடிஈ திட்டத்தைத் தொடங்கினார். கேடிஈயின் நிரல்கள் கட்டற்ற உரிமத்தில் வெளியாயின. ஆனால் அவை நார்வே நாட்டு ட்ரோல்டெக் நிறுவனத்தின் கியூட்டி நூலகத்தின் மீது எழுப்பப்பட்டிருந்தன. கியூட்டியின் மூலநிரலைப் பார்க்க இயலும். மாற்றிப் பகிர அந்நாளில் இசைவில்லை. இதற்கு மாற்றாக, முழுவதும் கட்டற்ற பணிமேடை ஒன்றை உருவாக்கும் நோக்கத்துடன் 1997 ஆகஸ்டில் மிகெல் தெ இகாசா, பெதெரிகோ மேனா ஆகியோர் குனோம் திட்டத்தைத் தொடங்கினர். கியூட்டிக்கு ஈடான கட்டற்ற நூலகத்தை எழுத முனைந்த ஹார்மனி என்னும் முயற்சியும் அக்காலத்தில் நடந்தது. இறுதியில் 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் கியூட்டி நூலகம் குனு பொதுமக்கள் உரிமத்தின் கீழும் வெளியிடப்பட்டது.

இவ்வரலாற்றில் மூவகை எதிர்வினைகளைக் காணலாம். சார்ந்திருக்கும் பொருளைக் கைவிட்டு வேறொன்றைக் கட்டுதல், அதற்கு ஈடான கட்டற்ற பொருளை எழுதுதல், உரிமையாளரே உரிமத்தை மாற்றும் நிலையை உருவாக்குதல் என்பனவே அவை. வரைகலை இயக்கிகள் பற்றிய பிற்கால விவாதத்திலும் இம்மூன்றும் மீண்டும் தோன்றின. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. நூலகத்தை எழுதத் திறமும் உழைப்பும் போதும். வரைகலை அட்டையின் உள்ளமைப்பை அதன் உற்பத்தியாளர் மறைத்துவிட்டால், இயக்கியை எழுத முதலில் அம்மறைபொருளைக் கண்டறிந்தாக வேண்டும்.

வரைகலை இயக்கியின் அமைப்பு

லினக்ஸ் இயங்குதளத்தில் வரைகலை இயக்கி என்பது ஒற்றை நிரலன்று. மூன்று அடுக்குகளைக் கொண்டது. கர்னலுக்குள் இயங்கும் பகுதி நினைவக ஒதுக்கீடு, திரைத் தெளிவுத்திறன், கட்டளைகளை அட்டைக்கு அனுப்புதல் ஆகியவற்றைக் கவனிக்கிறது. பயனர் வெளியில் இயங்கும் பகுதி, ஓப்பன்ஜிஎல் முதலிய பொது வரைகலை இடைமுகங்களின் கட்டளைகளை அந்தந்த அட்டையின் கட்டளைகளாக மாற்றுகிறது. பிரையன் பால் தொடங்கிய மேசா திட்டம் இவ்வடுக்கின் கட்டற்ற வடிவமாகும். மூன்றாவது, அட்டைக்குள்ளேயே ஏற்றப்பட்டு இயங்கும் நிலைபொருள்.

தனியுடைமை இயக்கி கர்னலுக்குள் நுழையும்போது உரிமச் சிக்கலும் எழுகிறது. லினக்ஸ் கர்னல் குனு பொதுமக்கள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பில் உள்ளது. மூடிய நிரலை அதனோடு இணைத்துப் பகிர்வது அவ்வுரிமத்திற்கு முரணானது எனக் கர்னல் உருவாக்குநர் பலர் கருதுகின்றனர். எனவே மூடிய நிரலுக்கும் கர்னலுக்கும் இடையே ஒரு மெல்லிய இணைப்பு நிரலை மட்டும் மூலவடிவில் தந்து, பயனரின் கணினியிலேயே அதனைத் தொகுத்து இணைக்கும் முறை வழக்கத்திற்கு வந்தது. அவ்வாறு இணைக்கப்பட்ட கர்னல் தன்னைத் தானே ‘கறைபட்டது’ எனக் குறித்துக்கொள்கிறது. அந்நிலையில் எழும் பிழைகளை ஆராய உருவாக்குநர் பொதுவாக முன்வருவதில்லை. பிழை தம் நிரலில் உள்ளதா, பார்க்கவியலாத நிரலில் உள்ளதா என்பதை அவர்களால் பிரித்தறிய முடியாது. 2008 ஜூனில் கர்னல் உருவாக்குநர் நூற்றுக்கும் மேற்பட்டோர், மூடிய கர்னல் கூறுகள் பயனருக்கும் தொழிலுக்கும் கேடு பயப்பவை என்னும் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர்.

அலங்காரத்திலிருந்து அடித்தளத்திற்கு

2006ஆம் ஆண்டு வரை லினக்ஸ் பணிமேடைகளுக்கு முப்பரிமாண வரைகலைத் திறன் இன்றியமையாததாக இருக்கவில்லை. விளையாட்டுகளுக்கும் வடிவமைப்புப் பணிகளுக்குமே அது வேண்டப்பட்டது. அவ்வாண்டின் தொடக்கத்தில் நோவெல் நிறுவனம் காம்பிஸ் என்னும் சாளர மேலாளரை வெளியிட்டது. ஒவ்வொரு சாளரத்தையும் தனித்தனிப் படமாக வரைந்து, அவற்றை வரைகலை அட்டையின் முப்பரிமாணத் திறனால் ஒன்றிணைத்துத் திரையில் காட்டும் முறை இதில் கையாளப்பட்டது. பணிமேடைகள் கனசதுரத்தின் பக்கங்களாகச் சுழன்றன. சாளரங்கள் இழுக்கப்படும்போது துணிபோல் நெளிந்தன.

காம்பிஸ் கட்டற்ற மென்பொருளே. எனினும் அது வேண்டிய திறனை அந்நாளில் பெரும்பாலான புதிய என்விடியா, ஏடிஐ அட்டைகளில் தனியுடைமை இயக்கிகளே முழுமையாகத் தந்தன. இந்நிலையில் உபுண்டு 7.04 பதிப்பில் தனியுடைமை இயக்கிகளை இயல்பாகவே செயல்படுத்திப் பணிமேடை விளைவுகளை அனைவருக்கும் வழங்கலாம் என்னும் திட்டம் முன்வைக்கப்பட்டது. இது கடும் விவாதத்தை எழுப்பியது. 2006 நவம்பரில் உபுண்டுவிலிருந்து கட்டற்றவை அல்லாத கூறுகளை நீக்கிய நியூசென்ஸ் என்னும் வழங்கல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் ஆதரவுடன் வெளிவந்தது. இறுதியில் 7.04 பதிப்பில் அத்திட்டம் கைவிடப்பட்டது. அதற்கு மாறாக, இயக்கி தனியுடைமையானது என்பதை அறிவித்து, பயனர் இசைந்தால் மட்டும் அதனை நிறுவும் மேலாண்மைக் கருவி ஒன்று சேர்க்கப்பட்டது.

இக்கட்டத்தில் சார்பின் இயல்பு தெளிவானது. காம்பிஸ் தந்தவை அலங்காரங்கள். அவற்றை நிறுத்திவிட்டாலும் பட்டியல்கள், சாளரங்கள், கோப்பு மேலாளர் ஆகிய அனைத்தும் முன்போலவே இயங்கின. 2008 ஜனவரியில் வெளியான கேடிஈயின் நான்காம் பதிப்பும் இவ்வழியையே பின்பற்றியது. அதன் சாளர மேலாளரில் விளைவுகளை நிறுத்தினால் அழகு குறையுமே அன்றிப் பணிமேடை மாறாது.

2011இல் இந்நிலை மாறியது. அவ்வாண்டு ஏப்ரல் 6 அன்று வெளியான குனோம் 3.0 பதிப்பில் குனோம் ஷெல் என்னும் புதிய இடைமுகம் அறிமுகமாயிற்று. பயன்பாடுகளைத் தேடுதல், சாளரங்களை மாற்றுதல், அறிவிப்புகளைக் காணுதல் ஆகிய அடிப்படைச் செயல்கள் அனைத்தும் ஓப்பன்ஜிஎல் திறன் உண்டு என்னும் எடுகோளின் மீது அமைக்கப்பட்டன. அதே மாதம் வெளியான உபுண்டு 11.04 பதிப்பின் யூனிட்டி இடைமுகமும் காம்பிஸின் மீது எழுப்பப்பட்டதால் அதே திறனை வேண்டியது. முப்பரிமாணத் திறன் அலங்காரம் என்னும் நிலையிலிருந்து அடித்தளம் என்னும் நிலைக்கு உயர்ந்தது.

திறனற்ற கணினிகளுக்காகக் குனோம் ஒரு மாற்று முறையை வைத்திருந்தது. பழைய குனோம் 2இன் பலகங்களைத் தழுவிய அம்முறை புதிய இடைமுகத்தின் எளிய வடிவமன்று. வேறொரு பணிமேடையே ஆகும். உருவாக்குநரின் கவனம் ஷெல்லின் மீதே குவிந்திருந்ததால் மாற்று முறை பேணப்படாமல் தேய்ந்தது. 2013 மார்ச்சில் வெளியான குனோம் 3.8 பதிப்பில் அது நீக்கப்பட்டது. யூனிட்டிக்கு மாற்றாக அமைந்த இருபரிமாண வடிவமும் உபுண்டு 12.10 பதிப்போடு கைவிடப்பட்டது. தனியுடைமை நூலகச் சார்பை மறுத்துப் பிறந்த குனோம் திட்டமே தனியுடைமை இயக்கிகளை நோக்கிப் பயனரைத் தள்ளுகிறது என்னும் குற்றச்சாட்டு எழ இச்சூழல் இடம் தந்தது.

விவாதத்தின் இரு தரப்புகள்

வரைகலைத் திறனை அடித்தளமாகக் கொள்ளலாம் என்போரின் வாதம் வலுவற்றதன்று. கணினியில் பதிக்கப்பட்ட வரைகலைச் செயலி பயன்படுத்தப்படாமல் கிடக்க, மையச் செயலியே திரை முழுவதையும் வரைவது ஆற்றல் விரயம். இரு வேறு இடைமுகங்களைப் பேணுவது தன்னார்வலர் மிகுந்த திட்டங்களுக்குத் தாங்கவொண்ணாச் சுமை. மேலும், இன்டெல் நிறுவனம் தன் வரைகலைக்குக் கட்டற்ற இயக்கிகளையே வழங்கிவந்தது. ஆகவே குனோம் வேண்டுவது முப்பரிமாணத் திறனையே அன்றித் தனியுடைமை இயக்கியை அன்று என்பது இத்தரப்பின் நிலைப்பாடு.

எதிர்த்தரப்பு இவ்வேறுபாட்டை ஏற்றுக்கொண்டே வேறொரு வினாவை எழுப்பியது. கட்டற்ற இயக்கி இல்லாத அட்டையை வைத்திருப்பவர் என்ன செய்வார்? புதிய இடைமுகம் திறக்காமல் பழையது தோன்றினால், அதனைச் சரிசெய்யும் வழியைத் தேடுவார். முதலில் கிடைக்கும் விடை தனியுடைமை இயக்கியை நிறுவுவதே. மென்பொருள் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் முழுமையான பணிமேடை ஒருபுறமும் குறைபட்டது மறுபுறமும் வைக்கப்படும்போது தெரிவு ஏறத்தாழ முன்னரே முடிவாகிவிடுகிறது. முழுமையும் கட்டற்ற வழங்கலான ட்ரிஸ்குவெல் இக்காரணத்தாலேயே குனோம் ஷெல்லை ஏற்காமல் மாற்று முறையைத் தன் பணிமேடையாக அமைத்துக்கொண்டது. பின்னர் 8ஆம் பதிப்பில் குனோம் 2இன் வழிவந்த மாட்டே சூழலுக்கு மாறியது.

இவ்விரு தரப்புகளுக்கும் அப்பால், நடைமுறை ஆயுள் என்னும் மூன்றாவது கூறும் உண்டு. தனியுடைமை இயக்கியின் ஆயுளை உற்பத்தியாளரே முடிவு செய்கிறார். ஏஎம்டி நிறுவனம் 2012இல் ரேடியான் எச்டி 2000 முதல் 4000 வரையிலான வரிசைகளைத் தன் தனியுடைமை இயக்கியின் முதன்மைக் கிளையிலிருந்து நீக்கியது. அவ்வட்டைகளுள் சில அப்போது நான்கு ஆண்டு பழமை மட்டுமே உடையவை. ஒதுக்கப்பட்ட கிளை எக்ஸ் சேவையகத்தின் 1.13 பதிப்போடு இயங்கவில்லை. எனவே இயங்குதளத்தைப் புதுப்பித்தவர்கள் தனியுடைமை இயக்கியை இழந்தனர். அதே அட்டைகள் கட்டற்ற ரேடியான் இயக்கியில் அதன் பிறகும் இயங்கின. பழுதற்ற வன்பொருள் பயனற்றதாவதும் ஆகாததும் இயக்கியின் உரிமத்தைப் பொறுத்தது என்பதற்கு இது தக்க சான்று.

மாற்று வழிகள்

இச்சார்பிலிருந்து விடுபட மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளுள் முதலாவது, உற்பத்தியாளரே ஆவணங்களை வெளியிடச் செய்தல். 2006இல் ஏடிஐயை வாங்கிய ஏஎம்டி, 2007 செப்டம்பரில் தன் வரைகலைச் செயலிகளின் தொழில்நுட்ப ஆவணங்களை வெளியிடுவதாக அறிவித்தது. அதன் வழியாகக் கட்டற்ற இயக்கிகள் வளர்ந்தன. 2015இல் லினக்ஸ் 4.2 பதிப்பில் சேர்ந்த ஏஎம்டிஜிபியு இயக்கி, அந்நிறுவனத்தின் முதன்மையான கர்னல் இயக்கியாகவே கட்டற்ற நிரலை நிலைநிறுத்தியது.

இரண்டாவது, மறைபொருளை ஆய்ந்து கண்டறிதல். என்விடியா அட்டைகளுக்கான நூவோ திட்டம் இவ்வழியில் உருவானது. தனியுடைமை இயக்கி அட்டையின் பதிவகங்களில் எழுதும் மதிப்புகளைப் பதிவு செய்து, ஒரு செயலுக்கு முன்னும் பின்னும் உள்ள வேறுபாடுகளை ஒப்பிட்டு, ஒவ்வொரு மதிப்பின் பொருளையும் உய்த்தறிவது இதன் முறை. எழுத்துப்பொருள் அறியப்படாத கல்வெட்டைப் படிப்பதற்கு நிகரான உழைப்பு இது. 2010 பிப்ரவரியில் லினக்ஸ் 2.6.33 பதிப்பில் நூவோ சேர்க்கப்பட்டது. ஆனால் 2014இல் வெளிவரத் தொடங்கிய ஜிபோர்ஸ் 900 வரிசை முதல், நிறுவனத்தின் கையொப்பமிட்ட நிலைபொருளை மட்டுமே அட்டை ஏற்கும் முறை வந்தது. இதனால் அட்டையின் வேகத்தை உயர்த்தும் உரிமை நூவோவுக்குக் கிட்டவில்லை. இயக்கி எழுதப்பட்டிருந்தும் அட்டை தன் தொடக்க நிலையின் குறைந்த வேகத்திலேயே இயங்க நேர்ந்தது.

மூன்றாவது, வரைகலை அட்டையின் முப்பரிமாணத் திறன் இன்றியே ஓப்பன்ஜிஎல் கட்டளைகளை நிறைவேற்றுதல். மேசாவில் உள்ள எல்எல்விஎம்பைப் என்னும் கூறு, வரைகலை நிரல்களை மையச் செயலியின் கட்டளைகளாக உடனுக்குடன் தொகுத்து, செயலியின் பல கருக்களில் பங்கிட்டு இயக்குகிறது. 2012 மே மாதம் வெளியான ஃபெடோரா 17 பதிப்பில் இதன் துணையால் குனோம் ஷெல் முப்பரிமாண இயக்கியின்றியும் இயங்கியது. குனோம் தன் மாற்று முறையை நீக்கத் துணிந்ததற்கு இது அடிப்படையாயிற்று. கட்டற்ற இயக்கி இல்லாதவருக்கும் அதே பணிமேடை, கட்டற்ற மென்பொருளாலேயே கிடைக்கலாயிற்று.

இத்தீர்வின் எல்லையையும் கணக்கிட்டுக் காணலாம். 1366×768 அளவுள்ள திரையில் 10,49,088 படப்புள்ளிகள் உள்ளன. நொடிக்கு 60 முறை முழுத்திரையையும் வரைந்தால் ஏறத்தாழ 6.3 கோடிப் புள்ளிகளைக் கணக்கிட வேண்டும். 3840×2160 அளவுள்ள திரையில் அவ்வெண்ணிக்கை ஏறத்தாழ 49.8 கோடியாக, எட்டு மடங்கு அளவிற்கு உயர்கிறது. சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து ஒளிபுகும் தன்மையும் சேர்ந்தால் ஒரே புள்ளியைப் பலமுறை கணக்கிட நேரும். மையச் செயலியின் உழைப்பும் மின்செலவும் வெப்பமும் அதற்கேற்ப மிகும். எனவே இது கதவு முற்றிலும் அடைபடாமல் காக்கும் தீர்வே அன்றி, கட்டற்ற இயக்கிக்கு ஈடாகாது.

வேலேண்ட்: இணக்கம் யாருடைய கடமை?

2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலேண்ட் நெறிமுறை, பழைய எக்ஸ் சாளர முறையின் இடத்தைப் படிப்படியாகப் பெற்றுவருகிறது. இதில் சாளரங்களை ஒன்றிணைக்கும் மென்பொருளே காட்சிச் சேவையகமாகவும் விளங்குகிறது. ஆகவே அதற்கும் இயக்கிக்கும் இடையே படத்திற்கான நினைவகத்தை எவ்வாறு ஒதுக்கிப் பகிர்வது என்பதில் உடன்பாடு தேவை. மேசா சார்ந்த கட்டற்ற இயக்கிகள் ஜிபிஎம் என்னும் இடைமுகத்தைக் கையாண்டன. என்விடியா தன் தனியுடைமை இயக்கியில் ஈஜிஎல்ஸ்ட்ரீம்ஸ் என்னும் வேறொரு முறையை முன்வைத்தது.

மேற்போக்கில் இது நுட்ப வேறுபாடு. உண்மையில், ஒரே பணிக்கு இரு நிரல்வழிகளைப் பேணும் சுமை யாருடையது என்னும் வினா இது. குனோம் ஈஜிஎல்ஸ்ட்ரீம்ஸ் ஆதரவைத் தன் நிரலில் சேர்த்தது. கேடிஈ 2019இல் என்விடியா எழுதித் தந்த நிரலை ஏற்றது. ஸ்வே என்னும் சிறிய திட்டம், தனியுடைமை இயக்கிக்காகத் தனிவழி எழுதுவதில்லை என வெளிப்படையாக மறுத்தது. 2021 அக்டோபரில் வெளியான 495 வரிசை இயக்கியில் என்விடியா ஜிபிஎம் ஆதரவைச் சேர்த்தது. கேடிஈ பின்னர்த் தன் தனிவழியை நீக்கியது.

இந்நிகழ்வு முந்தைய கட்டங்களிலிருந்து ஒரு வகையில் வேறுபடுகிறது. 2006இல் பணிமேடைகள் தனியுடைமை இயக்கிக்குத் தம்மை ஏற்பமைத்துக்கொள்ள முனைந்தன. 2021இல் தனியுடைமை இயக்கி கட்டற்ற உலகின் பொது இடைமுகத்திற்கு இணங்கியது. இடைப்பட்ட காலத்தில் இன்டெல், ஏஎம்டி அட்டைகளில் கட்டற்ற இயக்கிகள் முதிர்ச்சியடைந்து, பொது இடைமுகம் எது என்பதை வரையறுக்கும் நிலையை எய்தியிருந்தன. பணிமேடைகள் வரைகலைத் திறனைத் தொடர்ந்து வேண்டியதும் இம்முதிர்ச்சிக்குத் துணைநின்றது. நாள்தோறும் பயன்படும் இடைமுகத்தில் வெளிப்படும் பிழைகள் மேசாவில் விரைந்து களையப்பட்டன. ஆகவே வடிவமைப்பின் தேவை சார்பை உண்டாக்குவது மட்டுமன்று. சார்பைத் தீர்க்கும் இயக்கிகளையும் வளர்க்கிறது.

கீழிறங்கும் எல்லை: நிலைபொருள்

2022 மே மாதம் என்விடியா தன் லினக்ஸ் கர்னல் கூறுகளின் மூலநிரலை எம்ஐடி, குனு பொதுமக்கள் உரிமங்களின் கீழ் வெளியிட்டது. இது பெருமாற்றம் எனினும் முழு விடுதலையன்று. பயனர் வெளியில் இயங்கும் ஓப்பன்ஜிஎல், வல்கன் பகுதிகள் மூடியவையாகவே இருந்தன. மேலும் டூரிங் தலைமுறை முதல் அட்டையிலேயே உள்ள தனிச் செயலியில் இயங்கும் நிலைபொருள், முன்பு கர்னல் இயக்கி செய்த பல பணிகளை ஏற்றுக்கொண்டது. கர்னல் கூறு திறக்கப்பட்டபோது மறைபொருளின் பெரும்பகுதி அதற்குக் கீழே இடம்பெயர்ந்திருந்தது. அந்நிலைபொருளைப் பயன்படுத்தியே நூவோ இயக்கி லினக்ஸ் 6.7 பதிப்பு முதல் புதிய அட்டைகளின் முழு வேகத்தையும் எட்டும் வழி பெற்றது. கட்டற்ற இயக்கியின் ஆற்றல் மூடிய நிலைபொருளால் கிட்டியது என்பது இதன் முரண்.

ஏஎம்டியின் கட்டற்ற இயக்கிகளும் மூடிய நிலைபொருளின்றி முழுமையாக இயங்குவதில்லை. இதனால் கர்னலிலிருந்து இத்தகைய கூறுகளை நீக்கும் லினக்ஸ்-லிப்ரே பயன்படும் வழங்கல்களில் அவ்வட்டைகளின் முப்பரிமாணத் திறன் கிடைப்பதில்லை. டெபியன் திட்டம் 2022இல் நடத்திய பொதுவாக்கெடுப்பின் வழியாக, கட்டற்றதல்லாத நிலைபொருளை அதிகாரப்பூர்வ நிறுவியில் சேர்க்க இசைந்தது. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 பதிப்பில் அதற்கெனத் தனிப்பிரிவு அமைந்தது. நிலைபொருளின்றிப் பல கணினிகளில் நிறுவல் திரையே சரிவரத் தோன்றாது என்னும் நடைமுறை இம்முடிவிற்குப் பின்னணியாக இருந்தது. அதே வேளையில் அதனைத் தனிப்பிரிவாக வைத்தமையால், எது கட்டற்றது, எது அன்று என்னும் வரையறை அழிக்கப்படவில்லை.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து பெறப்படும் முடிவுகள் வருமாறு. முதலாவதாக, பணிமேடையின் கட்டற்ற தன்மையை அதன் உரிமத்தை மட்டும் கொண்டு அளவிட இயலாது. குனோம் ஷெல்லின் ஒவ்வொரு வரியும் கட்டற்றதாக இருந்தபோதும், கட்டற்ற இயக்கி இல்லாத கணினியில் அதன் பயன் தனியுடைமை மென்பொருளுக்கு உட்பட்டிருந்தது. இரண்டாவதாக, அலங்காரமாக வேண்டப்படும் திறனும் அடித்தளமாக வேண்டப்படும் திறனும் ஒன்றல்ல. முன்னது இல்லையேல் அழகு குறையும். பின்னது இல்லையேல் பயனர் வேறொரு குறைபட்ட மென்பொருளுக்குத் தள்ளப்படுவார்.

மூன்றாவதாக, விவாதத்தில் எத்தரப்பும் மற்றதை வாதத்தால் வென்றதாகக் கூறவியலாது. எல்எல்விஎம்பைப், ஏஎம்டியின் ஆவணங்கள், நூவோ ஆகியவை கட்டற்ற வழிகளை உருவாக்கிய அளவிற்கே முரண்பாடு தணிந்தது. எனினும் எதிர்ப்புக் குரல் வீணாகவில்லை. இயல்புநிலையாகத் தனியுடைமை இயக்கியை நிறுவாமை, நிறுவுமுன் இசைவு கேட்டல், தனிப்பிரிவாக வகைப்படுத்துதல் ஆகிய வழக்கங்கள் அவ்வெதிர்ப்பின் பயன்களே.

இவற்றின் அடிப்படையில் கட்டற்ற பணிமேடை வடிவமைப்பை மதிப்பிட மூன்று வினாக்களை அளவுகோலாகக் கொள்ளலாம். கட்டற்றதல்லாத கூறு நீக்கப்பட்டாலும் அடிப்படைப் பணிகள் அதே இடைமுகத்தில் நிறைவேறுகின்றனவா? கீழடுக்கோடு உள்ள தொடர்பு எவரும் நிறைவேற்றக்கூடிய பொது இடைமுகத்தின் வழி அமைந்துள்ளதா? கட்டற்றதல்லாத கூறு சேர்க்கப்படும் இடத்தில் பயனர் அதனை அறிந்து தெரிவு செய்கிறாரா? அச்சுப்பொறியிலிருந்து நூலகத்திற்கும், நூலகத்திலிருந்து இயக்கிக்கும், இயக்கியிலிருந்து நிலைபொருளுக்கும் மறைபொருளின் இருப்பிடம் நகர்ந்து வந்துள்ளது. ஒவ்வொரு முறையும் மேலடுக்கில் எடுக்கப்பட்ட வடிவமைப்பு முடிவே அம்மறைபொருள் எத்தனை பயனரைத் தொடும் என்பதைத் தீர்மானித்தது. அம்முடிவை எடுக்கும் வேளையிலேயே இம்மூன்று வினாக்களும் எழுப்பப்பட வேண்டியவை ஆகும்.